ஒரே சீனி, 2000 மடங்கு வரி வித்தியாசம்! நம் தொப்பையில் யாருக்கு லாபம்?

வணக்கம் உறவுகளே!

[திரையில்: இரண்டு வர்த்தமானி அறிவித்தல்கள்]

2017 இல் இலங்கை அரசு ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் வரி போட்டது. 2020 இல் அதே இலங்கை அரசு ஒரு கிலோ சீனிக்கு 25 சதம் வரி போட்டது. கிராமுக்கு 50 சதம் என்றால் கிலோவுக்கு 500 ரூபா. 500 ரூபா எங்கே, 25 சதம் எங்கே! வகுத்துப் பாருங்கள், 2000 மடங்கு. கல்குலேட்டரில் பிழை இல்லை. முதலாவது குளிர்பானப் போத்தலுக்குள் கரைந்திருக்கும் சீனிக்கான வரி, இரண்டாவது துறைமுகத்தில் மூட்டையாக வந்திறங்கும் சீனிக்கான வரி. இரண்டும் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். கொஞ்சம் குனிந்து பார்த்தால் தெரியும்.

இந்த வீடியோவில் டயட் டிப்ஸ் இல்லை. உடற்பருமன் என்ற விடயத்தில் யார் சம்பாதிக்கிறார்கள், சட்டம் எதைத் தொடுகிறது, எதைத் தொடாமல் விடுகிறது என்பதைத்தான் பேசப்போகிறோம்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன், தள்ளிவிட்டு ஓடாதீர்கள். உடல் நிறைச் சுட்டெண் (BMI, அதாவது கிலோவில் உள்ள எடையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 25 ஐத் தாண்டினால் அதிக எடை, 30 ஐத் தாண்டினால் உடற்பருமன் என்பது உலகக் கணக்கு. ஆசியர்களுக்கு அதற்கு முன்பே ஆபத்து தொடங்குகிறது என்பதால் 23 இலும் 27.5 இலும் விழித்துக்கொள்ளுங்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்னது. இலங்கையில் ஆண்களை விடப் பெண்களிடம் இது அதிகம். அவ்வளவுதான் பின்னணி, விடயத்துக்கு வருவோம்.

[திரையில்: குளிர்பானப் போத்தல், சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள்]

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஏதாவது ஒரு கடையில் பிரிஜ்ஜைத் திறந்து ஒரு சோடாப் போத்தலை எடுங்கள். லேபிளில் ஒரு நிற வட்டம் இருக்கும். 2016 ஓகஸ்ட் முதல் இது கட்டாயம். 1980 ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சு கொண்டுவந்த ஒழுங்குவிதி. 100 மில்லிலீட்டரில் 2 கிராமுக்குக் குறைவாகச் சீனி இருந்தால் பச்சை, 2 முதல் 11 வரை மஞ்சள், 11 ஐத் தாண்டினால் சிவப்பு. உலகத்தில் பல நாடுகள் கம்பனிகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்த காலத்தில் நாம் சட்டமாகவே போட்டோம். இந்த இடத்தில் நம் சுகாதார அமைச்சுக்கு ஒரு கைதட்டல் கொடுக்கலாம்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அந்த 11 என்ற எண்ணைக் கவனியுங்கள். பிரித்தானியாவில் விற்கும் சாதாரண கோக் டின் ஒன்று 330 மில்லிலீட்டர். அதில் சீனி 35 கிராம், அதாவது 100 மில்லிலீட்டருக்கு 10.6. எல்லைக்கோடு 11! அதே கலவை நம் விதிக்குள் வந்தால் வட்டம் மஞ்சள். அரை கிராமுக்கும் குறைவான இடைவெளியில் சிவப்பிலிருந்து தப்பிவிடும். பரீட்சையில் 35 எடுத்துப் பாஸ் பண்ணுகிற பையனைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

"பிரித்தானியாக்காரனின் கோடு எங்கே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். அங்கே 11.25. நம்மை விடத் தளர்வு. ஆனால் அங்கே இன்னொரு கொக்கி வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு தடவை குடிக்கும் அளவில் மொத்தச் சீனி 13.5 கிராமைத் தாண்டினாலும் சிவப்புத்தான். 35 கிராம் உள்ள டின் அந்தக் கொக்கியில் வசமாக மாட்டிக்கொள்கிறது. நம் விதி 100 மில்லிலீட்டரை மட்டும்தான் பார்க்கிறது. யாராவது 100 மில்லிலீட்டர் அளந்து குடித்துவிட்டு மூடி வைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. போத்தல் பெரிதாகும், வட்டம் அப்படியே இருக்கும்.

மஞ்சளின் அகலம் இன்னும் வேடிக்கை. 2.5 கிராம் உள்ள பானத்துக்கும் மஞ்சள், 10.9 கிராம் உள்ள பானத்துக்கும் மஞ்சள். கஷ்டப்பட்டுச் சீனியைக் குறைத்த கம்பனிக்கும் குறைக்காத கம்பனிக்கும் ஒரே நிறம் என்றால், எதற்காகக் குறைக்க வேண்டும்?

அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் வரி. 2017 நவம்பரில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர வரவுசெலவுத் திட்டத்தை வாசித்தார், கையோடு கிராமுக்கு 50 சதம் நடைமுறைக்கு வந்தது. 35 கிராம் இருந்தால் வரி 17 ரூபா 50 சதம். மெக்சிகோவில் 2014 இல் வந்த வரி லீட்டருக்கு ஒரு பீசோ. சீனி கொஞ்சமாக இருந்தாலும் கொட்டிக் கிடந்தாலும் அதே ஒரு பீசோதான். நம்முடையது கிராமுக்குக் கிராம் கணக்குப் பார்த்தது. என் கருத்தைக் கேட்டால் அது அருமையான வடிவமைப்பு. கம்பனி ஒரு கிராமைக் குறைத்தால் அந்த நிமிடமே 50 சதம் மிச்சம். உபதேசம் தேவையில்லை, கணக்காளரே மற்றதைப் பார்த்துக்கொள்வார்.

பார்த்துக்கொண்டார்களும்தான். கிரீம் சோடா, நெக்டோ, ஜிஞ்சர் பியர் எல்லாம் செய்யும் எலிஃபன்ட் ஹவுஸின் தாய்க் கம்பனியான ஜோன் கீல்ஸ், விற்பனை அடிவாங்கியதைத் தன் அறிக்கைகளிலேயே ஒப்புக்கொண்டது. சீனியைக் குறைத்துக் கலவைகளை மாற்றினார்கள். "முந்தின ருசி இல்லையே" என்று உங்கள் மாமா சொல்லியிருப்பார். மாமாவின் நாக்கு பொய் சொல்லவில்லை.

ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் போட்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிரித்தானியா 2016 மார்ச்சில் அறிவித்து 2018 ஏப்ரலில்தான் அறவிடத் தொடங்கியது. அந்த இரண்டு வருடத்துக்குள் பல கம்பனிகள் தாங்களாகவே சீனியைக் குறைத்துவிட்டன. நம் ஆட்களுக்குக் கிடைத்தது ஒரு ராத்திரி. போட்ட வேகத்தில் எதிர்ப்பும் வந்தது, பிறகு வரி குறைக்கவும் பட்டது.

குறைக்காமல் விட்டிருந்தாலும் பணவீக்கம் அதைத் தின்றிருக்கும். வரி சதத்தில் நிற்கிறது, விலைவாசி ஓடுகிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். வருடா வருடம் விலைவாசியோடு சேர்த்து ஏற்றாவிட்டால், இன்றைய 50 சதம் நாளைக்குச் சில்லறைக்குக் கூட ஆகாது.

[திரையில்: துறைமுகம், சீனி மூட்டைகள்]

சரி, அந்த 25 சதத்துக்கு வருவோம். பெல்வத்தையிலும் செவனகலையிலும் சீனித் தொழிற்சாலைகள் இருந்தாலும் நாம் சாப்பிடும் சீனியில் பெரும்பகுதி இறக்குமதி. அதற்குக் கிலோவுக்கு 50 ரூபா விசேட பண்ட வரி இருந்தது. 2020 ஒக்டோபர் 13 ஆம் திகதி அது 25 சதமாகக் குறைந்தது. மக்களுக்கு விலை குறையும் என்றார்கள். கடையில் 50 ரூபா குறைந்ததா? வீட்டில் சாமான் வாங்குபவரைக் கேளுங்கள், சிரிப்பார். அரசுக்கு ஏற்பட்ட வருமான இழப்பு 15.9 பில்லியன் ரூபா என்று பாராளுமன்றம் வரை பேசப்பட்டது. அந்த 25 சதம் 2023 நவம்பர் வரை நீடித்து, பிறகுதான் மறுபடி 50 ரூபாவானது.

இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிவது இதுதான்: நிதியமைச்சின் மேசையில் சீனி எப்போதும் வருமானமாகவோ விலைவாசியாகவோதான் இருந்திருக்கிறது. நோயாக இருந்தது ஒரு சின்ன இடைவேளையில் மட்டும். புகையிலைக்கும் மதுவுக்கும் 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி அதிகார சபை இருக்கிறது. சீனிக்கு அப்படி ஒரு வீட்டுக்காரர் இல்லை. சுகாதார அமைச்சு வட்டம் போடும், நிதியமைச்சு வட்டத்தைத் தாண்டிப் போகும்.

நீதிமன்றம் பக்கம் ஒரே மூச்சில்: அமெரிக்காவில் 2002 இல் மெக்டொனால்ட்ஸ் எங்களைக் குண்டாக்கிவிட்டது என்று வழக்குப் போட்டார்கள், நிற்கவில்லை. டென்மார்க்கில் வேலையை இழந்த ஒரு குழந்தைப் பராமரிப்பாளரின் வழக்கில், உடற்பருமன் சில சூழ்நிலைகளில் இயலாமையாகக் கருதப்படலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014 இல் சொன்னது. அதே டென்மார்க்கின் மருந்துக் கம்பனியான நோவோ நோர்டிஸ்க், எடையைக் குறைக்க உதவும் ஓசெம்பிக், வெகோவி ஊசிகளின் புண்ணியத்தில் 2023 இல் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியை விடப் பெரிய சந்தை மதிப்புக்குப் போனது. குண்டாக்குவதிலும் வியாபாரம், மெலிய வைப்பதிலும் வியாபாரம். ஊசிக்குத் தனி வீடியோ போடுகிறேன், சப்ஸ்கிரைப் பண்ணி வையுங்கள்.

கடைசியாக, வட்டமும் இல்லாத, கிராம் வரியும் இல்லாத ஒரு பானம் இருக்கிறது. தேத்தண்ணி. புறக்கோட்டையில் ஒரு பிளேன்டி சொல்லுங்கள், கேட்காமலேயே சீனி விழும். சீனி வேண்டாம் என்றால் கடைக்காரர் பரிதாபமாகப் பார்த்து, "தம்பிக்குச் சீனி வருத்தமோ?" என்பார். வருத்தம் வந்தவனுக்கு மட்டும்தான் சீனியில்லாத தேத்தண்ணி! இதற்கு வர்த்தமானியே தேவையில்லை. சீனியைத் தனியாக ஒரு கிண்ணத்தில் கொடுத்தால் போதும், கடைக்காரருக்கும் சீனி மிச்சம். கொழும்பில் அப்படிக் கொடுக்கிற தேத்தண்ணிக் கடை எங்கே இருக்கிறது? இடத்தைக் கமெண்டில் போடுங்கள், நானே போய்க் குடித்துவிட்டு வருகிறேன்.