வயசாக ஆக நாட்டுப்பற்று குறையுமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமா எழுதியிருக்கார், நான் சுருக்கிச் சொல்லிடறேன். "பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப பகத் சிங், வாஞ்சிநாதன், வ.உ.சி.ன்னு பேரைக் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும். இப்ப நாப்பத்தஞ்சு வயசு. அந்தச் சிலிர்ப்பு வர்றதில்ல. அவங்களைப் பத்தி வேற சில விஷயங்களையும் படிச்சுட்டேன். எனக்கு நாட்டுப்பற்று குறைஞ்சு போச்சா? என் பையன் பேச்சுப்போட்டிக்குத் தயார் பண்றான், அவன்கிட்ட நான் என்னத்தைச் சொல்ல?" இதுதான் கேள்வி.

நல்ல கேள்விங்க. முதல்ல ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துடுவோம். பகத் சிங்கைத் தூக்கில போட்டது 1931 மார்ச் 23, லாகூர்ல. அப்ப அவருக்கு வயசு 23. நீங்க பத்து வயசுல அவரைப் பத்திப் படிச்சப்ப அவர் உங்களுக்கு அண்ணன். பெரிய அண்ணன், மீசை வச்ச அண்ணன். அண்ணன் சிரிச்சுக்கிட்டே தூக்குமேடை ஏறினார்னா நமக்குப் பெருமையா இருக்கும். இப்ப உங்களுக்கு நாப்பத்தஞ்சு. அவருக்கு இன்னமும் 23தான். உங்க வீட்டுல மூத்த பிள்ளை ஒண்ணு இருந்தா ஏறக்குறைய அந்த வயசுலதான் இருக்கும். அந்த வயசுப் பையன் தூக்குக்குப் போறான்னா உங்களுக்கு எப்படிச் சிலிர்க்கும்? அடிவயிறு கலங்கும். அதானே நியாயம்?

குதிராம் போஸை எடுத்துக்குங்க. 1908ல தூக்கு. 18 வயசுப் பையன். முசாபர்பூர்ல கிங்ஸ்போர்டுங்கற மாஜிஸ்திரேட்டைக் குறிவச்சு வண்டி மேல குண்டு போட்டாங்க. அந்த வண்டியில கிங்ஸ்போர்டு இல்ல. கென்னடிங்கற குடும்பத்து அம்மாவும் பொண்ணும் இருந்தாங்க, ரெண்டு பேரும் செத்துட்டாங்க. இதெல்லாம் பாடப் புத்தகத்துலயே ஒரு வரியில இருந்திருக்கலாம். சின்ன வயசுல அந்த வரியைக் கண்ணு தாண்டிப் போயிடும். இப்ப அங்கயே நின்னுடும். குதிராமும் பாவம், அந்த ரெண்டு பொம்பளைங்களும் பாவம்னு ஒரே நேரத்துல தோணுதுல்ல, அது பத்து வயசுல முடியாத காரியம்.

நடுவுல இன்னொரு பருவம் வரும். இருபது, இருபத்தஞ்சுல. "எல்லாம் பொய் சொல்லிட்டாங்க"ன்னு கோபம் வர்ற பருவம். காந்தி தென்னாப்பிரிக்காவுல இருந்த ஆரம்ப வருஷங்கள்ல அங்க இருந்த கறுப்பின மக்களைப் பத்தி மட்டமா எழுதினதைப் படிப்பாங்க. வாஞ்சிநாதன் 1911ல மணியாச்சியில வெள்ளைக்காரக் கலெக்டர் ஆஷைச் சுட்டார், வீரம்னு படிச்சிருப்போம். அவர் சட்டைப்பையில இருந்த கடிதத்தை முழுசாப் படிச்சா, அதுல தேச விடுதலையோட சனாதன தர்மமும், மாட்டு மாமிசம் தின்கிற மிலேச்சன்னு இங்கிலாந்து ராஜாவைத் திட்டுறதும் கலந்தே இருக்கும். படிக்கிற பையனுக்குத் தலை சுத்தும். அவன் விரும்பிப் பார்த்த தேசம் இதுதானான்னு கேட்பான். கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனா அதுலயே நின்னுட்டா என்ன ஆகும்? முன்னாடி கும்பிட்டோம், இப்ப காறித் துப்புறோம். ரெண்டுக்கும் ஒரு வரி போதும், மனுஷனைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்ல. சமூக ஊடகத்துல தினமும் நடக்கிற சண்டை பூரா இந்த ரெண்டு கோஷ்டிக்கும்தான். (கேமராவுக்குப் பின்னாடி தம்பி சிரிக்கிறார், அவர் எந்தக் கோஷ்டின்னு எனக்குத் தெரியும்.)

இதுல நாம கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. நம்ம பார்வை மட்டுமா மாறுச்சு? அவங்க பார்வையே மாறிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பகத் சிங் தூக்குக்கு முந்தி, 1931 பிப்ரவரியில, இளம் அரசியல் ஊழியர்களுக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினார். நான் பயங்கரவாதி இல்ல, ஒருவேளை ஆரம்ப காலத்துல மட்டும் அப்படி இருந்திருக்கலாம், குண்டு வீசுறதுல ஒண்ணும் ஆகப் போறதில்ல, தொழிலாளி, விவசாயிகிட்ட போய் வேலை செய்யுங்கங்கற மாதிரிதான் அதுல சொல்றார். கையில துப்பாக்கி வச்சிருக்கற படத்தை மட்டும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கடிதம் யாரும் காட்டல.

காந்தி இன்னும் மேல. 1918ல கேடா ஜில்லாவுல ஊர் ஊராப் போய் பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தார். அகிம்சை பேசுறவர்! ரெண்டே வருஷத்துல, 1920ல, பிரிட்டிஷ் அரசு கொடுத்த கெய்சர்-ஈ-ஹிந்த் பதக்கத்தைத் திருப்பி அனுப்பினார். அப்ப அவருக்கு அம்பது வயசு. அவரே பின்னாடி 1933ல எழுதுறார்: நான் ஒரே விஷயத்தைப் பத்தி ரெண்டு விதமா சொல்லியிருந்தா, பின்னால சொன்னதை எடுத்துக்குங்கன்னு. அவருக்கே அந்தச் சலுகை இருக்கிறப்ப நீங்க ஏன் பத்து வயசுல இருந்த மாதிரியே இருக்கணும்?

வ.உ.சி.க்கு வருவோம். எனக்கு இவர் விஷயத்துலதான் வயசோட அருமை தெரியுது. பள்ளிக்கூடத்துல நமக்குச் சொன்னது: 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனி, வெள்ளைக்காரனுக்குப் போட்டியா கப்பல் விட்டார், 1908ல ரெட்டை ஆயுள் தண்டனை, சிறையில செக்கு இழுத்தார். கதை செக்கோட முடிஞ்சிடும். அப்புறம்? 1912 கடைசியில விடுதலை ஆகி வெளிய வர்றார். கம்பெனி இல்ல. கப்பலை வித்தாச்சு. வக்கீல் சன்னது, அதாவது வக்கீலாத் தொழில் பண்ற உரிமம், போச்சு. தம்பி மீனாட்சிசுந்தரத்துக்கு, அண்ணனுக்குக் கிடைச்ச தண்டனையைக் கேட்ட அதிர்ச்சியில புத்தி பேதலிச்சுப் போச்சு. சென்னையில ஏதேதோ வியாபாரம் பண்ணிப் பார்க்கிறார், எதுவும் கைகொடுக்கல. தென்னாப்பிரிக்கா இந்தியர்கள் இவருக்காகத் திரட்டி காந்திகிட்ட கொடுத்த பணம் கைக்கு வரல, அதைக் கேட்டு 1915லயும் 1916லயும் கடிதத்து மேல கடிதம் எழுதுறார். கடைசியில வந்து சேர்ந்தது முந்நூத்திச் சொச்சம் ரூபாய். கப்பல் விட்ட மனுஷன்!

பதினஞ்சு வயசுல இந்தப் பகுதியைப் படிச்சா அலுப்பாத்தான் இருக்கும். இதுல வீரம் எங்க இருக்கு? ஆனா ஒரு குடும்பத்தை நடத்தி, கடன் வாங்கி, மாசக் கடைசியைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், செக்கு இழுத்ததை விட இந்த இருபத்து நாலு வருஷம் பெரிய விஷயம்னு. 1936ல சாகிற வரைக்கும் மனுஷன் குறளுக்கு உரை எழுதுறார், தொல்காப்பியம் பதிப்பிக்கிறார். நம்மளா இருந்தா ஊரைச் சபிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்போம்.

இன்னொண்ணு. பறிபோன சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தது வாலஸ்ங்கற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றிக்காக வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன்னு பேர் வச்சார். வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து எல்லாத்தையும் இழந்தவர், வெள்ளைக்காரர் பேரைத் தன் பிள்ளைக்கு வைக்கிறார். பள்ளிக்கூட வயசு நாட்டுப்பற்றுல இதுக்கு இடமே கிடையாது. எனக்கு இன்னைக்கு வ.உ.சி. மேல இருக்கிற மரியாதையில பாதி இந்தப் பேருக்காகத்தான்.

அதனால, ஐயா, உங்களுக்குச் சிலிர்ப்பு போயிருக்கலாம். பற்று போகல. போயிருந்தா இப்படி உட்கார்ந்து கேள்வி அனுப்பியிருக்க மாட்டீங்க. வயசாக ஆக எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும்னும் நான் சொல்லல. அறுபது வயசுல சிலிர்ப்பு அதிகமாகிற ஆட்களும் இருக்காங்க. ஓய்வு வாங்கியாச்சு, தன் பிள்ளை பட்டாளத்துக்குப் போகப் போறதில்ல, டிவி முன்னாடி உட்கார்ந்து போர் வேணும்பாங்க. செலவு அடுத்தவனுது. அதைப் பெரிய பற்றுன்னு என்னால எடுத்துக்க முடியாது.

இப்ப பையன் விஷயம். அவனுக்கு என்ன வயசுன்னு நீங்க எழுதல. ஏழாவது, எட்டாவதுன்னு வச்சுக்குவோம். அவனோட சிலிர்ப்பைக் கலைக்காதீங்க. "அவரும் அப்படித்தான்டா, இவரும் இப்படித்தான்டா"ன்னு இப்பவே ஆரம்பிச்சா, அவன் படிக்கிறதையே விட்டுடுவான். அதே சமயம் பொய்யும் சேர்க்காதீங்க. மேடையில கைதட்டல் வாங்கணும்னு இல்லாத வசனத்தை எல்லாம் வீரர் வாயில போட்டு எழுதிக் கொடுக்கிறாங்க, அது வேண்டாம். வ.உ.சி.யைப் பத்திப் பேசுறான்னா கப்பல், செக்கு எல்லாம் இருக்கட்டும். கூடவே தம்பியைப் பத்தி ரெண்டு வரி, வாலஸ் பத்தி ரெண்டு வரி சேர்க்கச் சொல்லுங்க. "ஏன்ப்பா வெள்ளைக்காரர் பேரை வச்சார்?"னு அவன் கேட்டா, உடனே பதில் சொல்லாதீங்க. நீ என்னடா நினைக்கிறேன்னு அவனையே கேளுங்க. மூணு நிமிஷப் பேச்சுல இதுக்கு இடம் இல்லன்னு டீச்சர் வெட்டினா வெட்டட்டும், வீட்டுல பேசிக்கலாம்.

சரி, அடுத்த கேள்வி யாரு அனுப்பியிருக்காங்கன்னு பார்ப்போம்.