எழுதி வைக்கப்படாத விதிகள்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

1970களில் நம் சிங்கப்பூர் அரசாங்க அலுவலகங்களில் ஒரு சுவரொட்டி ஒட்டப்பட்டிருந்தது. நீண்ட முடி வைத்திருக்கும் ஆண்கள் கடைசியாகவே கவனிக்கப்படுவார்கள் என்று அறிவித்த அதில், முன்முடி புருவத்தைத் தொடக்கூடாது, காதை மூடக்கூடாது, சட்டைக் காலருக்குக் கீழே இறங்கக்கூடாது என்று படத்தோடு அளவும் காட்டப்பட்டிருந்தது. 1972இல் லெட் செப்பலின் இசைக்குழுவின் கச்சேரியே நீண்ட முடியின் காரணமாக இங்கு நடக்காமல் போயிற்று. ஆணுக்கு நீண்ட முடி ஆகாது என்ற எண்ணம் நம் மரபில் வந்ததன்று. நம் முன்னோர்களில் ஆண்கள் குடுமி வைத்திருந்தார்கள்; சேரர் பனம்பூவும், சோழர் ஆத்திப்பூவும், பாண்டியர் வேப்பம்பூவும் சூடினார்கள். இன்றோ தேக்கா சந்தையில் மல்லிகைச் சரம் வாங்கும் ஆணிடம், வீட்டுக்காரிக்கா சாமிக்கா என்றுதான் கேட்கிறோம்.

ஆண்களுக்கான விதியாவது சுவரில் இருந்தது. அதைப் படிக்கலாம், எதிர்க்கலாம், ஒருநாள் கிழித்தும் எறியலாம். பெண்களுக்கான விதி எந்தச் சுவரிலும் இல்லை. திருமண மண்டபத்தின் வாசலிலும், பெண் பார்க்கும் கூடத்திலும், உறவினரின் ஒரு பார்வையிலும் அது இருக்கிறது.

என் 52ஆம் வயதில் தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்தினேன். அதற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. சாயத்தில் உள்ள பாராஃபினைலின்டையமின் என்ற வேதிப்பொருள் ஒவ்வாமல் காதோரம் தடித்து, நீர் கோத்து, இரவெல்லாம் அரித்தது. நரைத்த தலையோடு வேலைக்குப் போன முதல் வாரமே, உடம்புக்கு முடியவில்லையா என்று மூன்று பேர் கேட்டார்கள். அதிக வாடிக்கையாளர்களைச் சந்திக்கும் பொறுப்பிலிருந்து என்னை மெதுவாக நகர்த்தவும் செய்தார்கள். என் வயதுதான் என் கணவருக்கும்; அவருடைய நரையைப் பார்த்தவர்கள் களையாக இருப்பதாகச் சொன்னார்கள். இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

சென்ற ஆண்டு, பள்ளித் தீபாவளி நிகழ்ச்சிக்கு முன், என் அண்ணன் மகளைச் சிராங்கூன் சாலையில் உள்ள ஓர் அழகு நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அவளுக்கு வயது 13. மேலுதட்டு முடியை எடுக்க வேண்டும் என்று வகுப்புத் தோழிகள் சொன்னார்களாம். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை விரல்களில் முறுக்கிக்கொண்டு அந்த அம்மா குனிந்தபோது, பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அத்தை, அண்ணனுக்கும் இதே இடத்தில்தானே முளைத்திருக்கிறது? அவனை மட்டும் மீசை அரும்பிவிட்டது என்று எல்லாரும் கொண்டாடினீர்களே?”

அந்தக் கொண்டாட்டத்தில் நானும் இருந்தேன். அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்து, தாத்தாவின் மீசை அப்படியே வந்திருக்கிறது என்று சொன்னவளே நான்தான். வேண்டாமென்றால் எழுந்துவிடலாம், வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, நிகழ்ச்சி முடியட்டும் என்று சொல்லிக் கண்களை மூடிக்கொண்டாள். நூல் ஓடத் தொடங்கியதும் இமையோரம் நீர் வழிந்தது; என் விரல்களை அவள் விடவே இல்லை.