கேப்பருக்குள் ஒரு கிடா

தலைவர் அவர்களே, கவுன்சிலர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, மழையிலும் மைக் கட்டிக் கொடுத்த தம்பி, எல்லோருக்கும் வணக்கம். போர்த்திய சால்வையைக் கழற்றாமல் தலைவர் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருக்கிறார், அதற்குத் தனி நன்றி.

‘கேப்பர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி மூன்று சங்கதி சொல்கிறேன். எங்கிருந்து வந்தது, எங்கே போனது, திருட்டு வேலைக்கும் அந்தப் பெயர் எப்படி வந்தது.

கேப்பர் என்றால் துள்ளிக் குதிப்பது. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் புழங்க ஆரம்பித்தது. ‘கேப்ரியோல்’ என்பதன் சுருக்கம் என்கிறார்கள். அதன் பின்னால் இத்தாலியக் ‘காப்ரியோலா’, அதற்கும் பின்னால் லத்தீன் ‘காப்பர்’, அதாவது கிடா. நம் ஆடும் ஆடத்தான் செய்கிறது; அதற்காக இரண்டும் ஒரே வேர் என்று கிளம்பிவிடாதீர்கள். பீட்சாவில் போடும் கேப்பருக்கும் எழுத்து இதேதான், ஆனால் அது கிரேக்க வழி வந்த செடிப் பெயர், உறவே கிடையாது.

நான் வாத்தியாராக இருந்தபோது இந்தச் சொல்லைப் பலகையில் எழுதி மூன்று நாள் கத்தினேன், ஒருத்தனுக்கும் ஏறவில்லை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் இல்லையா? “ஆட்டுக்குட்டி துள்ளுமே, அதுதாண்டா” என்றேன். மறுநாள் கடைசி பெஞ்சுப் பையன் சாக்குப்பையில் ஒரு குட்டியையே தூக்கி வந்துவிட்டான். அவிழ்த்ததும் அது பெஞ்சில் ஏறி, மேசையில் ஏறி, வருகைப் பதிவேட்டில் ‘க’ வரிசைப் பெயர்களை மென்றுகொண்டிருக்கும்போது தலைமையாசிரியர் உள்ளே வருகிறார். “என்னய்யா இது?” மொத்த வகுப்பும் எழுந்து, “கேப்பர் சார்!”

சரி, எங்கே போனது? அதே காப்ரியோலா குடும்பத்தில் பிரெஞ்சில் பிறந்தது ‘கேப்ரியோலே’, துள்ளித் துள்ளி ஓடும் இரண்டு சக்கரக் குதிரை வண்டி. 1820-களில் லண்டனில் அது வாடகைக்கு ஓடியது, பெயர் ‘கேப்’ என்று சுருங்கியது. நாம் செல்போனில் கூப்பிடும் கேப் அதுதான். நம் ரோட்டில் அது துள்ளுவதைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான், கவுன்சிலர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இதெல்லாம் சொற்பிறப்பு அகராதியில் இருக்கிறது. நம் கிளை நூலகத்தில் அது ஒன்றுகூட இல்லை, இருக்கிற புத்தகத்தைப் பார்க்கலாம் என்றால் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது கதவு பூட்டியிருக்கிறது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தானே கறக்கணும்? மாலை எட்டு மணி வரை திறந்து வையுங்கள் என்று மனு எழுதியிருக்கிறேன், வாசல் மேசையில் இருக்கிறது. மூன்றாவது சங்கதிக்கு நேரமில்லை, தலைவர் மணி அடிக்கிறார். பேனா நூலகர் அம்மாவிடம் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.