பியானோ கத்துக்கொடுக்கிறது: முதல்ல அந்த ஒரு சென்டிமீட்டரைப் பாருங்க

(ஸ்கிரீன்ல: பியானோ கீ மட்டும், மேலேருந்து ஷாட், கை இல்ல)

வணக்கங்க. இன்னிக்கு பியானோவுல முதல் சில கிளாஸ் எப்படி எடுக்கிறதுன்னு பாக்கலாம், குழந்தைக்கும் சரி, வேலைக்குப் போயிட்டு வந்து உக்கார்ற பெரியவங்களுக்கும் சரி.

மொத்தம் 88 கீ, வெள்ளை 52, கறுப்பு 36. பாத்தவுடனே எல்லாரும் கேக்குறது "இத்தனையும் எப்படி ஞாபகம் வச்சிக்கிறது?" வச்சிக்கவே வேணாம். கறுப்பை மட்டும் பாருங்க, ரெண்டு, மூணு, ரெண்டு, மூணுன்னு கூட்டமா நிக்கும். ரெண்டு நிக்கிற கூட்டத்துக்கு இடது பக்கம் ஒட்டியிருக்கிற வெள்ளை கீ, அது எங்க இருந்தாலும் சிங்கிற நோட். அவ்ளோதான். குழந்தைகிட்ட "எல்லா சியையும் கண்டுபிடி"ன்னு சொல்லிப் பாருங்க, ஏழு கண்டுபிடிச்சிட்டு முடிச்சாச்சுன்னு நிக்கும். இன்னொண்ணு இருக்கு. வலது கோடியில கடைசி கீயும் சிதான், அதுக்கு அப்புறம் கறுப்பே இல்லாததால கண்ணுல மாட்டாது.

விரலுக்கு நம்பர்: ரெண்டு கையிலயும் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. வயலின் படிக்கிற குழந்தைன்னா கொஞ்ச நாள் குழம்பும், அங்க ஆள்காட்டி விரல்தான் 1.

(ஸ்கிரீன்ல: பியானோ உள்பக்கம், ஒரு கீயை அழுத்தினா சுத்தியல் எழும்புறது, ஸ்லோ மோஷன்)

இப்ப வர்றதுதான் எனக்கு முக்கியம், ஆனா முதல் மாசத்துல பாதி டீச்சர்ங்க இதைச் சொல்றதே இல்ல. ஒரு கீ கீழ போற தூரம் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். நீங்க அழுத்தும்போது உள்ள சுத்தியல் மேல போகுது, ஆனா கம்பியைத் தொடுறதுக்கு ஒரு துளி முன்னாடியே கீக்கும் அதுக்கும் தொடர்பு விட்டுப்போயிடும், மிச்ச தூரம் தூக்கி எறிஞ்ச பந்து மாதிரி தானா போய் அடிச்சிட்டுத் திரும்பிடும். அதனால சத்தம் பெருசா சின்னதான்னு முடிவு பண்றது அந்த ஒரு சென்டிமீட்டர்ல நீங்க எவ்ளோ வேகமா இறங்குனீங்கங்கிறதுதான், சத்தம் வந்தப்புறம் கீயை எவ்ளோ அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது.

1700 வாக்குல இத்தாலியில, ஃப்ளோரன்ஸ்ல, பார்ட்டோலோமியோ கிறிஸ்டோஃபோரி பியானோவை முதன்முதலா செஞ்சதே இந்த சத்த வித்தியாசத்துக்காகத்தான். அதுக்கு முன்னாடி இருந்த ஹார்ப்சிகார்ட்ங்கிற கீ வாத்தியம் கம்பியைச் சுண்டி விடும், மெல்லத் தொட்டாலும் ஓங்கித் தொட்டாலும் சத்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பியானோன்னாலே இத்தாலியன்ல சத்தம் கம்மியாங்கிறதுதான், முழுப்பேர்ல ஃபோர்ட்டேவும், அதாவது பலமாங்கிறதும் கூடவே இருந்துச்சு.

வீட்டுக்கு கீபோர்ட் வாங்குறவங்க இதை வச்சே முடிவு பண்ணலாம். 61 கீ போதும் ஆரம்பத்துக்கு, ஆனா டச் ரெஸ்பான்ஸ் இல்லாததை வாங்காதீங்க, அதுல எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம், காது எதையும் கத்துக்காது.

(ஸ்கிரீன்ல: சின்னக் கை, பக்கவாட்டு ஷாட்)

குழந்தைன்னா பாருங்க, விரலோட கடைசி மூட்டு உள்ள மடிஞ்சிடும். திட்டாதீங்க, அந்த வயசுல மூட்டு இளகித்தான் இருக்கும். கையை முழங்கால் மேல கவுத்து வைக்கச் சொல்லுங்க, அந்த வளைவோட அப்படியே தூக்கி கீ மேல வைக்கணும். கால் தொங்கிட்டிருந்தா ஒரு முக்காலி போடுங்க, கால் ஊனலைன்னா முதுகு ஆடும், முதுகு ஆடினா விரலும் ஆடும். தினம் பத்து நிமிஷம் போதும், ஞாயித்துக்கிழமை ஒரே நாள்ல ஒரு மணி நேரம் உக்கார வைக்கிறதைவிட எவ்ளோவோ மேல்.

பெரியவங்க கதை வேற. புரிஞ்சிக்கிறது டக்குனு புரிஞ்சிடும், பாட்டு எப்படி வரணும்னு காதுக்குத் தெரியும், கைக்குத்தான் தெரியாது, அந்தக் கடுப்புல தோள் காது வரைக்கும் ஏறிடும், கீயை அடியோட அமுக்கிப் பிடிச்சிட்டே இருப்பாங்க, நாலு வரி வாசிச்சா மணிக்கட்டு வலிக்கும். இன்னொரு பழக்கம், தப்பு வந்தா உடனே முதல் வரிக்கு ஓடுறது. அப்புறம் என்ன, முதல் வரி மட்டும் நூறு தடவை வாசிச்சிருப்பாங்க, கடைசி வரி மூணு தடவை. தப்பு வந்த இடத்துலேருந்து முன்ன பின்ன ரெண்டு ரெண்டு நோட் எடுத்து அதை மட்டும் வாசிங்க. ரெண்டு கையும் சேக்கும்போது வேகத்தைப் பாதியாக்குங்க, வெக்கமே படாதீங்க.

(ஸ்கிரீன்ல: ஒரு விரல், ஒரு கீ, குளோசப்)

கடைசியா ஒரு விளையாட்டு, ரெண்டு பேருக்கும் பொது. ஒரு கீயை சத்தமே வராத அளவுக்கு மெல்ல அடி வரைக்கும் இறக்குங்க. அப்புறம் துளி வேகம் கூட்டுங்க, முதல் தடவையா சத்தம் எட்டிப்பாக்குற இடம் வரைக்கும். குழந்தைங்க இதை போட்டியாவே ஆடும். பெரியவங்க மூச்சைப் பிடிச்சிட்டுப் பண்ணுவாங்க, மூணாவது தடவையில கவனிச்சீங்கன்னா தோள் தானா கீழ இறங்கியிருக்கும்.