படங்களில் கை வைக்க முன்

வணக்கம் நேயர்களே. கணினியில் இடம் போதாதபோது படங்களை அழிக்காமல் இடம் எடுப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. ஒரு கொப்பியும் பேனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உரை முடிகிற நேரம் ஒரே ஒரு வரியை எழுத்தெழுத்தாகச் சொல்லுவேன். அதை எழுதினால் போதும், மற்றதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

நான் கிளிநொச்சியில் கணினி திருத்துகிறவன். போன மாரிக்குச் சற்று முன்னர் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகளின் லப்டொப்பைத் துவாயால் சுற்றி, மழைக்குப் பயந்து உரப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். திறந்து பார்த்தேன். சி டிரைவின் கோடு முழுக்கச் சிவப்பு. 119 ஜிகாபைட்டில் மிச்சம் 600 மெகாபைட். உயர்தரம் படிக்கிற பிள்ளையின் ஒப்படையைக்கூட ஒழுங்காகச் சேமிக்க முடியவில்லை.

"தம்பி, பழைய படங்களை அழிச்சால் இடம் வருமெண்டு பிள்ளை சொல்லுறாள். எனக்கு மனம் வரேல்லை. வேற வழி ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்.

என்ன படங்கள் என்று பார்த்தேன். கடைசி இடப்பெயர்வின்போது தாட்டுவிட்டுப் போன அல்பம். மீள்குடியேறி வந்து தோண்டியெடுத்திருக்கிறார்கள். ஈரம் பட்டுப் பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, போட்டோகொப்பிக் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். ஒரு கலியாணப் படத்தில் மணவறையின் பாதி நீர்க்கறையில் கரைந்து போயிருந்தது. மாப்பிள்ளையின் முகம் மட்டும் தப்பியிருந்தது. அசல் அல்பத்தைப் பிறகு கறையான் தின்றுவிட்டதாம். ஆக, அந்த முகம் இருக்கிற ஒரே இடம் அந்தக் கணினி.

கோப்புறையின் அளவைப் பார்த்தேன். 312 படங்கள், எல்லாம் சேர்த்து 540 மெகாபைட். அரை ஜிகாபைட் சொச்சம். அதை அழித்திருந்தால் இரண்டு கிழமையில் கோடு மறுபடியும் சிவந்திருக்கும்.

வன்னியில் இது ஒரு வீட்டுக் கதை இல்லை. இடம் போதாது என்றதும் கண்ணுக்குத் தெரிகிறதில்தான் எல்லோரும் கை வைக்கிறார்கள். படம், வீடியோ, காணி உறுதியின் ஸ்கேன், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். திரும்பக் கிடைக்காதது முதலில் போகிறது. நினைத்த நேரம் விண்டோஸ் தானே மறுபடி உண்டாக்கிக்கொள்ளக்கூடிய பெரிய கோப்புகள் மறைவில் அப்படியே இருக்கின்றன. இதை நான் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன்.

மறைவில் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த லப்டொப்பில் செய்ததையே சொல்கிறேன். சி டிரைவைத் திறந்து, உள்ளே தெரிந்த எல்லாவற்றையும் தெரிவு செய்து, ரைட் கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸ் பார்த்தேன். கூட்டினால் 86 ஜிகாபைட். டிரைவோ 118க்கு மேல் நிறைந்துவிட்டேன் என்கிறது. நடுவில் 32 ஜிகாபைட்டைக் காணவில்லை. இடையில் ஒன்று: பெட்டியில் 128 என்று போட்டிருக்க, கணினி 119 என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று பலர் கேட்கிறார்கள். ஏமாற்று இல்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

காணாமற்போன 32ஐத் தேட, ஃபோல்டர் ஒப்ஷன்ஸுக்குள் போய் வியூ பகுதியில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னேன். அதற்குக் கீழே "ஹைட் புரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" என்று ஒரு வரி இருக்கிறது. அதன் சரி அடையாளத்தையும் எடுத்தேன். விண்டோஸ் ஒருமுறை எச்சரிக்கும். பார்க்க மட்டும்தான் திறக்கிறோம், பார்த்து முடிந்ததும் பழையபடி மூடிவிட வேண்டும்.

மூன்று பேர் வெளியே வந்தார்கள்.

முதலாவது ஹைபர்ஃபில். ஹைபர்னேட் என்றால், திறந்திருக்கிற வேலையை அப்படியே சேமித்துவிட்டுக் கணினியை அணைப்பது. அப்போது நினைவகத்தில், அதாவது ராமில், இருப்பதையெல்லாம் வன்தட்டில் எழுதி வைக்கிற கோப்பு இது. விண்டோஸ் 10இல் வழமையாக ராமின் அளவில் 40 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும். 8 ஜிகாபைட் ராம் என்றால் 3.2 ஜிகாபைட். விண்டோஸ் 7இல் அது 75 சதவீதம், அதாவது 6 ஜிகாபைட். ஹைபர்னேட் என்ற சொல்லையே கேள்விப்படாத வீட்டிலும் இந்த இடம் போய்க்கொண்டுதான் இருக்கும்.

இதை டிலீட் பண்ணப் பார்த்தால் விடாது. விண்டோஸிடம் இந்த வசதியே வேண்டாம் என்று சொன்னால், கோப்பைத் தானே அழித்துவிடும். அதற்கான வரிதான் கடைசியில் வரப்போகிறது. ஆனால் அதற்கு முன் உங்கள் பேட்டரியைப் பாருங்கள். நம்மிடம் கரண்ட் போகிறது, சில நாள் சொல்லாமலே போகிறது. நல்ல பேட்டரி உள்ள லப்டொப்பில், சார்ஜ் முடியப்போகிற நேரம் விண்டோஸ் பொதுவாக ஹைபர்னேட் செய்துதான் உங்கள் வேலையைக் காப்பாற்றுகிறது. அப்படிப்பட்ட லப்டொப்பில் இதை நிறுத்த வேண்டாம் என்பதே என் ஆலோசனை. 3 ஜிகாபைட்டுக்காக இரவிரவாகத் தட்டச்சு செய்ததை இழக்கக் கூடாது. மேசைக் கணினிக்குக் கரண்ட் போனால் ஹைபர்னேட் செய்யவே நேரம் இராது, அங்கே தயங்காமல் நிறுத்தலாம். அந்த அம்மா கொண்டுவந்ததில் பேட்டரி செத்திருந்தது. வயரைக் கழற்றினால் அந்தக் கணமே அணைகிறது. எனவே நிறுத்தினேன். கணினியைக் கெதியாகத் தொடங்கவைக்க விண்டோஸ் 8இலிருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் இதையே நம்பியிருப்பதால் அதுவும் நின்றுவிடும். எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகம் உள்ள கணினியில் சில செக்கன்கள் தாமதிக்கும், வேறொன்றுமில்லை.

இரண்டாவது பேஜ்ஃபைல். அந்த லப்டொப்பில் 9 ஜிகாபைட். பெரிதாக இருக்கிறது, எடுத்துவிடுவோம் என்று ஆசை வரும். எடுக்காதீர்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். குளம் முட்டினால் மேலதிகத் தண்ணீர் போக வான் வேண்டும், வானை அடைத்தால் கட்டு உடையும். ராம் முட்டுகிற நேரம் மேலதிகம் போகிற இடம் பேஜ்ஃபைல். 4 ஜிகாபைட், 8 ஜிகாபைட் ராம் வைத்துக்கொண்டு அதை நிறுத்தினால், சூம் வகுப்பும் பத்து பிரவுசர் பக்கமும் சேர்ந்து திறந்திருக்கிற நேரம் ஏதாவதொன்று பொத்தென்று மூடிக்கொள்ளும். அளவை விண்டோஸே தீர்மானிக்கட்டும்.

மூன்றாவது, சிஸ்டம் வொல்யூம் இன்ஃபர்மேஷன் என்ற கோப்புறை. ரீஸ்டோர் பொயின்ட்டுகள் அதற்குள்தான் இருக்கின்றன. ஒரு அப்டேட் பிழைத்தால் முந்திய நிலைக்குத் திரும்ப உதவுகிற பதிவுகள். தேவையானவைதான், ஆனால் எட்டு மாதப் பழசுகளை எல்லாம் சேர்த்து 11 ஜிகாபைட் வைத்திருக்கத் தேவையில்லை. கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் புரொடெக்ஷனுக்குள் கொன்ஃபிகர் என்பதை அழுத்தினால், எவ்வளவு இடம் வரை பிடிக்கலாம் என்று இழுத்துக் குறைக்கிற கோடு வரும். 4 ஜிகாபைட்டாக்கினேன். பழையவை தாமாகக் கழிந்துபோயின.

மிச்சம் சிறுசிறு மறைந்த கோப்புறைகளில் சிதறியிருந்தது. அவற்றை நான் நோண்டவில்லை.

பிறகு டிஸ்க் கிளீனப்பைத் திறந்து, "கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்" என்ற பொத்தானை அழுத்தினேன். இந்தப் பொத்தானை அழுத்தாமல் பார்த்தால் அற்ப சொற்பம்தான் காட்டும். அழுத்தினால் பழைய அப்டேட் எச்சங்கள் வெளியே வரும். இங்கே 6 ஜிகாபைட் வந்தது. விண்டோஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தால் பழைய பதிப்பை வைத்திருக்கிற விண்டோஸ் ஓல்ட் என்ற கோப்புறையும் பட்டியலில் நிற்கும். பத்து நாளில் அது தானாகவே போய்விடும், அவசரமென்றால் இங்கேயே எடுக்கலாம். விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை வைத்திருக்கிற வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கோப்புறையைக் கண்டு பயந்து கையால் அழிக்கப் போகாதீர்கள். ஒரே கோப்பு இரண்டு இடத்தில் எண்ணப்படுவதால் அது உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். கையால் அழித்தால் விண்டோஸ் எழும்பாமலே போகலாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் டெம்பரரி ஃபைல்ஸ் என்று ஒரு பட்டியல் வரும். அதில் டவுன்லோட்ஸ் என்பதும் ஒரு வரியாக இருக்கிறது. 2018இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பொன்றில் டிஸ்க் கிளீனப்பிலும் அதைச் சேர்த்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சரி போட்டுக்கொண்டு போனால் டவுன்லோட்ஸ் கோப்புறை முழுவதும் போய்விடும். வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பிரவுசரில் திறந்து இறக்கினால் அது வந்து சேருகிற இடமும் அதுதான். போன வருடம் ஒருவர் இப்படித்தான் தகப்பனின் மரணச் சான்றிதழின் பிரதியை இழந்துவிட்டு வந்தார். என்னால் மீட்க முடியவில்லை. அந்த வரியில் மட்டும் சரி போடவே வேண்டாம்.

எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் செய்தபோது கிட்டத்தட்ட 17 ஜிகாபைட் வெறுமையாக இருந்தது. கோடு நீலமாகிவிட்டது. படக் கோப்புறைக்கு பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தேன், கனடாவிலிருக்கிற தங்கைக்கு இன்னொரு பிரதி அனுப்பச் சொன்னேன். அம்மா அந்தக் கலியாணப் படத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் லப்டொப்பை மூடவிட்டார்.

இப்போது பேனையை எடுங்கள். ஹைபர்னேட்டை நிறுத்துகிற வரி இது. ஸ்டார்ட்டில் "சி எம் டி" என்று அடித்து, வருகிற கொமாண்ட் புரொம்ப்ட்டை ரைட் கிளிக் செய்து, "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் எழுத வேண்டியது: பீ, ஓ, டபிள்யூ, ஈ, ஆர், சீ, எஃப், ஜீ. ஒரு இடைவெளி. கேள்விக்குறி இருக்கிற விசையிலுள்ள சாய்கோடு, அதை ஒட்டி எச். ஒரு இடைவெளி. ஓ, எஃப், எஃப். என்டர். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனால் வேலை முடிந்தது. பின்னர் புதுப் பேட்டரி போட்டு ஹைபர்னேட் திரும்ப வேண்டுமென்றால், கடைசிச் சொல்லை மட்டும் ஓ, என் என்று மாற்றி அடியுங்கள்.

வணக்கம்.