அறுபது நாளுக்கு முன்னே ஒரு பந்தி

நேயர்களே, வணக்கம்.

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் முதல் வேலை மண்டபம், இரண்டாவது வேலை சமையல்காரர். பத்திரிகை, ஜவுளி எல்லாம் அப்புறம்தான். ஆம்பூர் பிரியாணி போடுவதாக இருந்தால் மாஸ்டரைப் பார்த்துத் தேதி சொல்லி, எத்தனை கிலோ அரிசி என்று பேசி, அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் வீட்டுப் பெரியவர்களுக்கு நிம்மதி. ஆவணி முகூர்த்தத்தில் ஒரே மாஸ்டரைப் பத்து வீட்டார் தேடுவார்கள் என்பது நமக்குத் தெரியும்.

இதே நாம், பேரப்பிள்ளைகளோடு வெளிநாட்டுத் தீம் பார்க்குக்குக் கிளம்பும்போது விசா, விமான டிக்கெட், ஹோட்டல் என்று எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் அலைகிறோம். சாப்பாட்டை மட்டும் "போன இடத்தில் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். நான் இன்று பேச வந்தது அதைப் பற்றித்தான்.

நான் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பெரிய மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன முதல் தடவை, மகள், மாப்பிள்ளை, இரண்டு பேரப்பிள்ளைகள், நாங்கள் இருவர், என் மாமியார் என்று ஏழு பேராக ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போனோம். அத்தைக்கு அப்போது 74 வயது. சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். காலையில் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு துண்டு பிரெட்டோடு கிளம்பிவிட்டார்.

பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போனோம். உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில், முன்பதிவு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. அடுத்த இடத்திலும் அதே கேள்வி. மூன்றாவது, நின்று வாங்கும் கடை. வரிசை வெயிலில் வளைந்து வளைந்து நின்றது. மணி இரண்டு தாண்டிவிட்டது. "எனக்கு ஒண்ணும் இல்லைம்மா, பிள்ளைங்களுக்கு முதல்ல வாங்கிக் குடு" என்றார் அத்தை. சொன்ன குரல் சரியில்லை. கையைப் பிடித்தேன். அந்த வெயிலிலும் உள்ளங்கை சில்லென்று வியர்த்திருந்தது, விரல்கள் நடுங்கின. ஊசி போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாததால் சர்க்கரை இறங்கிவிட்டது. என் கைப்பையில் ஊரிலிருந்து கொண்டுபோன ஆரஞ்சு மிட்டாய் நான்கு கிடந்தது. இரண்டைப் பிரித்து வாயில் போட்டேன். மாப்பிள்ளை ஓடிப்போய் ஜூஸ் வாங்கி வந்தார். கால் மணி நேரம் கழித்துத்தான் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அதற்குமேல் யாருக்கும் எந்த ராட்டினத்திலும் ஏற மனசு வரவில்லை.

அந்த உணவகங்கள் மீது ஒரு தப்பும் இல்லை. முன்கூட்டிச் சொன்னவர்களுக்கு அவர்கள் இடம் வைத்திருந்தார்கள். நாங்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த தடவை ஃப்ளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போக முடிவு செய்தோம். இந்த முறை முதலில் எடுத்தது சாப்பாட்டு நோட்டு. ராட்டினங்களை மகளும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டார்கள். பந்தி என் பொறுப்பு.

டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபரில் திறந்தது. அதை ஒரே பூங்கா என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பூங்காக்கள். மொத்த இடம் சுமார் 100 சதுர கிலோமீட்டர், நம் வேலூர் மாநகராட்சி எல்லையை விடப் பெரிது. அதனால் எந்த நாள் எந்தப் பூங்கா என்று முதலில் முடிவு செய்துவிட வேண்டும். காலையில் எப்காட்டில் இருந்துகொண்டு மதியத்துக்கு மேஜிக் கிங்டத்தில் மேசை பிடித்தால், காட்பாடியில் வேலையை வைத்துக்கொண்டு பாகாயத்தில் பந்திக்கு உட்கார்ந்த கதைதான். மோனோரயிலுக்குக் காத்திருந்து, மறுபடி வாசல் சோதனை முடிந்து போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகிவிடும். பூங்காவுக்கு உள்ளே இருக்கும் உணவகத்துக்குப் போக அந்தப் பூங்காவின் நுழைவுச்சீட்டும் வேண்டும். டிஸ்னியின் ஹோட்டல்களில் இருக்கும் உணவகங்களுக்கு அது தேவையில்லை.

சரி, எத்தனை நாள் முன்னால் பதிவு செய்வது? அங்கே கணக்கு 60 நாள். கொரோனாவுக்கு முன்பு 180 நாளாக இருந்தது, பிறகு குறைத்துவிட்டார்கள். நம் ரயிலும் அப்படித்தானே: 120 நாளாக இருந்த முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகிவிட்டது. காட்பாடி ஜங்ஷனில் காலை எட்டு மணிக்கு டிக்கெட் கவுன்ட்டர் திறக்கும்போது வரிசையில் நின்று பழகியவர்களுக்கு இந்த டிஸ்னி கணக்கு புதிதே இல்லை.

நாங்கள் டிஸ்னியின் சொந்த ஹோட்டலில்தான் அறை எடுத்தோம். அப்படி எடுத்தால் ஒரு வசதி உண்டு. போய்ச் சேரும் நாளுக்கு 60 நாள் முன்பு, தங்கப்போகும் நாட்கள் அத்தனைக்கும், 10 நாள் வரை, ஒரே மூச்சில் பதிவு செய்யலாம். வெளி ஹோட்டலில் தங்குபவர்கள் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக 60 நாள் எண்ணிக் காத்திருக்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு வாரம் தங்குகிறோம் என்றால், கடைசி நாள் சாப்பாட்டை மற்றவர்களுக்கு முன்னால், அறுபத்தாறு நாளைக்கு முன்பே நாம் பிடித்துவிடுகிறோம். ஆகவே இடம் கிடைக்காத உணவகம் எதுவோ அதைப் பயணத்தின் கடைசி நாட்களில் வையுங்கள். சுலபமாகக் கிடைப்பதை முதல் நாட்களில் வையுங்கள்.

நாங்கள் போய்ச் சேர வேண்டிய நாள் மே 20. அதற்கு 60 நாள் முன்பு மார்ச் 21. இணையத்தில் பதிவு அங்கே காலை 6 மணிக்குத் திறக்கும். நம் ஊர் நேரத்துக்கு அது மதியம் 3.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைப்பதால், அந்த மாதங்களில் நமக்கு 4.30 ஆகும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மணி நேரம் தாமதமாக உட்கார்ந்தால் நல்ல மேசைகள் போய்விடும்.

அங்கே விடிகாலையில் மகள் தூக்கக் கலக்கத்தில் எழ வேண்டாம், நான் இங்கிருந்தே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று மணிக்கே கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கணக்கின் கடவுச்சொல், கிரெடிட் கார்டு, நோட்டு எல்லாம் பக்கத்தில். நோட்டில் எது முதலில், எது அடுத்தது என்று எண் போட்டு வைத்திருந்தேன். மணி 3.20க்குக் கரண்ட் போயிற்று. எங்கள் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் தன் செல்போனிலிருந்து இன்டர்நெட்டைத் திறந்துவிட்டார். மடிக்கணினியில் சார்ஜ் இருந்தது. 3.30க்குப் பக்கம் திறந்தது.

முதல் எண், மேஜிக் கிங்டத்தின் சிண்ட்ரெல்லா கோட்டைக்குள்ளேயே இருக்கும் சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள் உணவகம். பேத்திக்கு அப்போது ஏழு வயது. இளவரசிகள் மேசைக்கே வந்து பேசும் இடம் அது. ஏழு பேருக்கு என்று தேடினால் இடமே காட்டவில்லை. பெரிய மேசைகள் எங்குமே குறைவு. நான்கு பேர், மூன்று பேர் என்று பிரித்து ஒரே நேரத்துக்குத் தேடினேன். இரண்டும் கிடைத்தன. பெரிய குடும்பமாகப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போன பிறகு, பக்கத்துப் பக்கத்து மேசையாகக் கொடுங்கள் என்று பணிவாகக் கேட்டால் முடிந்தவரை செய்கிறார்கள். இன்னொன்று, கைக்குழந்தையையும் தலைக்கணக்கில் சேர்த்தே பதிய வேண்டும். எங்கள் சின்னவனுக்கு இரண்டரை வயது. பஃபேயில் மூன்று வயதுக்குள் இருந்தால் காசு இல்லை. ஆனால் அவனுக்கும் நாற்காலி வேண்டுமே. மூன்று முதல் ஒன்பது வயது வரை குழந்தை விலை. பத்து வயது நிறைந்துவிட்டால் பெரியவர் விலைதான்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பதியும்போது கார்டு எண் கேட்பார்கள். வர முடியாது என்றால் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்துவிட வேண்டும். சொல்லாமல் போகாமல் இருந்தால் தலைக்குப் பத்து டாலர் பிடித்துக்கொள்வார்கள். ஏழு பேருக்கு எழுபது டாலர், நம் பணத்தில் சுமார் ஆறாயிரம் ரூபாய். மேடை நிகழ்ச்சியோடு சேர்ந்த இரவுச் சாப்பாடு என்றால் முழுப் பணமும் முன்னாலேயே கட்ட வேண்டியிருக்கும். ஆறு பேரும் அதற்கு மேலும் சேர்ந்து சாப்பிட்டால் பில்லிலேயே 18 சதவீதம் டிப்ஸ் சேர்ந்து வரும். பார்க்காமல் இன்னொரு முறை டிப்ஸ் வைத்துவிடாதீர்கள்.

நோட்டுக்குப் பக்கத்தில் நான் இன்னொன்றும் வைத்திருந்தேன். நம் ஊர் நாள்காட்டி. அத்தைக்குக் கிருத்திகை விரதம். ரத்தினகிரிக்கும் வள்ளிமலைக்கும் நடந்து போய்ப் பழகியவர், எந்த நாட்டில் இருந்தாலும் அன்றைக்கு ஒரு வேளைதான், அதுவும் சைவம்தான். எங்கள் பயணத்தில் ஒரு கிருத்திகை வந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் அன்றைக்குத்தான் பெரிய பஃபேயைப் போட்டிருப்பேன். பஃபேயை மறுநாளுக்கு மாற்றினேன். உங்கள் வீட்டில் சனிக்கிழமை சைவம், அமாவாசை, நோன்பு என்று எது இருந்தாலும் பதிவுக்கு முன்பே நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

நேர வித்தியாசத்தையும் சாப்பாட்டோடு சேர்த்து யோசிக்க வேண்டும். கோடையில் ஃப்ளோரிடா நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே இரவு 8 மணி என்றால் நம் உடம்புக்கு விடிகாலை ஐந்தரை. ராத்திரி முழுக்க விழித்திருந்த உடம்பு அது. முதல் இரண்டு நாள் எட்டு மணிக்கு மேசை போட்டால் குழந்தைகள் தட்டு மேலேயே தூங்கிவிடுவார்கள். அதே குழந்தைகள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பசி என்பார்கள். அதனால் முதல் இரண்டு நாள் இரவுப் பதிவே வேண்டாம், காலைச் சாப்பாட்டைப் பதிவு செய்யுங்கள் என்பது என் எண்ணம்.

மதியமும் முக்கியம். வேலூர்க் கத்திரி வெயிலைப் பார்த்த நமக்கு ஃப்ளோரிடா வெயில் பெரிதாகத் தெரியாது என்று நினைத்துதான் போனேன். அங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. கோடையில் பிற்பகலில் இடியும் மழையும் அடிக்கடி வரும். நான் மதியச் சாப்பாட்டை ஒன்றரைக்குப் போட்டேன். ஏ.சி.யில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு எழுந்தால் மூன்று மணி. வெளியே மழை பெய்து ஓய்ந்திருக்கும். அத்தையின் ஊசிக்கும் அதற்கேற்ப நேரம் பார்த்துக்கொண்டோம். கிளம்பும் முன்பே டாக்டரிடம் அந்த நேரங்களைக் காட்டிக் கேட்டுவிட்டேன்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவிலேயே குறிப்பு எழுதிவிடுங்கள். மேசையிலும் மறுபடி சொல்லுங்கள். அங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை சேரும். சாதத்தைக் கோழி வேகவைத்த நீரில் வேகவைக்கும் வழக்கமும் அந்த நாட்டில் உண்டு. "இறைச்சி இல்லை, முட்டை இல்லை, எலும்புச் சாறும் இல்லை" என்று தனித்தனியாகச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் எழுதுங்கள், அதற்கென்று தனி மெனுவே வைத்திருக்கிறார்கள்.

அத்தைக்காக நான் தேடிப் பிடித்த இடம் சனா. அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற டிஸ்னி ஹோட்டலில் கிடானி வில்லேஜ் பகுதியில் இருக்கிறது. ஆப்பிரிக்கச் சமையலில் இந்திய வாசனை கலந்தது. அங்கே ரொட்டி வகைகள் ஒரு பெயர் பெற்ற பதார்த்தம். நான் ரொட்டி, வெங்காய குல்ச்சா, பனீர் பராத்தா என்று ஐந்து விதம், தொட்டுக்கொள்ள ஒன்பது விதம். வெள்ளரி ரைத்தா, மாங்காய்ச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணத்தில் வரும். பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே புல்வெளி, அதில் விலங்குகள் மேய்கின்றன. அத்தை குல்ச்சாவைப் பிய்த்துக் கொத்தமல்லிச் சட்னியில் தொட்டபடி நிமிர்ந்தார். ஒட்டகச்சிவிங்கி ஒன்று நிதானமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. கையில் பிய்த்த துண்டு அப்படியே நின்றது. அது மரத்துக்குப் பின்னால் மறையும் வரைக்கும் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது தினமும் இந்த நேரத்துக்கு வருமா?" என்று கேட்டார். அப்புறம் ரைத்தாவை இன்னொரு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

எல்லா வேளைக்கும் பதிவு செய்யத் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஒரு பதிவு போதும். இரண்டு வைத்தால் பூங்காவைப் பார்க்க நேரமே இருக்காது, காசும் தாங்காது. மற்ற வேளைக்குச் செல்போன் வழியாக ஆர்டர் செய்து வாங்கும் கடைகள் இருக்கின்றன. வெளிச் சாப்பாட்டையும் உள்ளே அனுமதிக்கிறார்கள். கண்ணாடிப் பாத்திரமும் சூடாக்க வேண்டிய பண்டமும் கூடாது. மகள் வீட்டில் கிளறிய புளிசாதம் இரண்டு நாள் எங்களுக்குக் கைகொடுத்தது. விரும்பிய இடம் 60ஆம் நாளில் கிடைக்காவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். முந்தின நாள் மாலையிலும் அன்று காலையிலும் மறுபடி பாருங்கள். ரத்து செய்பவர்களால் இடம் விழும். வெயிட்டிங் லிஸ்ட் சார்ட் தயாராகும்போது உறுதியாவது போலத்தான்.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு குடும்பம், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அங்கே போவதாகச் சொல்லி என் நோட்டைக் கேட்டார்கள். போய்ச் சேரும் நாள் டிசம்பர் 22. அறுபது நாள் பின்னால் எண்ணினால் அக்டோபர் 23. அந்தத் தேதியில் அங்கே கோடை நேரக் கணக்கு இன்னும் நடப்பில் இருக்கும், அதனால் மூன்றரைக்கே உட்காருங்கள் என்று பென்சிலால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் பாட்டிக்கும் சர்க்கரை. ஆரஞ்சு மிட்டாயையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

வணக்கம்.