மாப்பிள்ளை அறை ஜன்னல்

(மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியது)

தலைமை தாங்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே (கரண்ட் பில் மட்டும் தனி என்று சொல்லியிருக்கிறார், அதற்கும் சேர்த்தே நன்றி), எனக்கு முன்னால் அழகாகப் பேசிய பேராசிரியை அவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, கடைசி வரிசையில் ஃபோன் பார்த்துக்கொண்டிருக்கும் என் பழைய மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம். போன கூட்டத்தில் முன்னாள் கவுன்சிலரை விளிக்க மறந்துவிட்டேன். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. முன்னாள் கவுன்சிலர் அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

‘உலக அழகியும் சமூகத் தொண்டும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, தாய்லாந்துப் பெண் ஓபல். இரண்டு, அழகிப் போட்டி வேண்டுமா வேண்டாமா. மூன்று, அதில் புழங்கும் பணம்.

2025 மே 31 அன்று ஹைதராபாத்தில் நடந்த உலக அழகிப் போட்டியில் 108 நாட்டுப் பெண்கள் மேடையேறினார்கள். பட்டம் வென்றவர் ஓபல் சுச்சாட்டா சுவாங்ஸ்ரீ. ஃபூக்கெட்டில் பிறந்தவர். தாய்லாந்துக்கு இந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயதில் மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். நல்லவேளை, அது புற்றுநோய் இல்லை. பதினாறு வயதுப் பெண் நம் வீட்டில் இருந்தால் என்ன செய்வோம்? ‘யார்கிட்டேயும் சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் ஆகணும்’ என்போம். அவரோ ‘ஓபல் ஃபார் ஹெர்’ என்று பெயர் வைத்து, மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டார். மைக் கிடைத்த இடத்திலெல்லாம் சொந்தக் கட்டியைப் பற்றிச் சொன்னார்.

எங்கள் வீட்டில் ஒரு பழமொழி உண்டு. நகத்தால் கிள்ளக் கூடியதைக் கோடாலி கொண்டு வெட்டுவானேன்? இன்று நான் பேசப் போவது முழுக்க இதுதான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உலக அழகிப் போட்டி 1951இல் லண்டனில் நீச்சலுடைப் போட்டியாக ஆரம்பித்தது. 1972இல்தான் அழகோடு ஒரு நோக்கமும் வேண்டும் என்று தொண்டுப் பிரிவு ஒன்றைச் சேர்த்தார்கள். நம் மானுஷி சில்லர் 2017இல் வென்றபோது மருத்துவ மாணவி. மாதவிடாய் சுகாதாரம் பற்றி கிராமங்களில் போய்ப் பேசியவர். இதெல்லாம் விளம்பரம்தானே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் பெரியம்மா விஷயம் நடக்கும்வரை.

பெரியம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார். பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க, சொல்லிடறேன்.

பன்னிரண்டு வருடம் இருக்கும். பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் இலவச முகாம். யார் நடத்தியது என்பது வேண்டாம். ஏதோ ஒரு அழகிப் பட்டம் வாங்கிய பெண் சிறப்பு விருந்தினர். வாசலிலிருந்து மேடைவரை அவருடைய படம் போட்ட ஃப்ளெக்ஸ். ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டுக்கு வந்தார். பெரியம்மாவுக்கு மார்பில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று. ஏழு மாதமாக வெந்தயப் பத்துப் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. குளிக்கும்போது முதுகு தேய்க்கப் போன என் கண்ணில் பட்டது. நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

பரிசோதனைக்கு ஒதுக்கிய இடம் மாப்பிள்ளை அறை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஜன்னலுக்குக் கதவே இல்லை. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் பந்தி! பெரியம்மா எட்டிப் பார்த்தார். “சாம்பார் வாளி தூக்கறவன்லாம் பார்ப்பான், நான் செத்தாலும் சாவேனே தவிர ரவிக்கையைக் கழட்ட மாட்டேன்” என்று கிளம்பிவிட்டார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற நாற்பது பெண்களும் கிளம்பத் தயார். லேடி டாக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நிர்வாகிகளைத் தேடினால், எல்லோரும் மேடையில் பொன்னாடையோடு வரிசையில் நிற்கிறார்கள்.

அந்தச் சமயம் பார்த்து அழகிப்பட்டப் பெண் கைகழுவ அந்தப் பக்கமாக வந்தது. என்ன சத்தம் என்று கேட்டது. சொன்னோம். ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்த்தது. அப்புறம், “அந்த என் படத்தைக் கழட்டிக் கொண்டாங்க” என்றது. எட்டடி ஃப்ளெக்ஸ். ஒரு பக்கம் ஆணியில் மாட்டியது, இன்னொரு பக்கத்துக்கு ஆணி இல்லை. கிரீடத்தைக் கழற்றி டாக்டரின் கைப்பையின் மேல் வைத்துவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டு, நாற்காலியில் ஏறி அந்த மூலையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. முக்கால் மணி நேரம்! வெளியே மைக்கில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பந்தியில் சாப்பிட்டவர்கள் ஜன்னலில் சிரிக்கும் படத்தோடு செல்ஃபி எடுக்கிறார்கள். படத்துக்குப் பின்னால் நிஜமான ஆள் கை வலிக்க நிற்பது ஒருத்தருக்கும் தெரியாது. பெரியம்மாதான் முதல் ஆளாக உள்ளே போனார்.

கட்டி புற்றுநோய்தான். ஆனால் ஆரம்ப நிலை. இன்று எண்பத்தொரு வயது, காலையில் என்னோடு சண்டை போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். நகத்தால் கிள்ளியாயிற்று, கோடாலிக்கு வேலை இல்லை.

சரி, இரண்டாவது செய்திக்கு வருகிறேன். அதே 2025 போட்டியில் தெலங்கானாவின் ராமப்பா கோயிலுக்குப் போன அழகிகளின் காலை உள்ளூர்ப் பெண்கள் கழுவிவிட்டார்கள், பெரிய சர்ச்சையானது. இங்கிலாந்திலிருந்து வந்த மில்லா மேகி பாதியிலேயே விலகி ஊர் திரும்பினார். பணம் தரும் விருந்தினர்களை மகிழ்விக்க உட்கார வைத்தார்கள் என்பது அவர் புகார், அமைப்பாளர்கள் மறுத்தார்கள். அந்தப் பெண் வந்ததே, இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியைப் பரப்பத்தான். இதில் எனக்கு நிறையக் கோபம் உண்டு. ஆனால் வட்டார மருத்துவ அலுவலர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் எழுந்து போவதற்குள் அவரிடம் ஒன்று கேட்டாக வேண்டும்.

உலகத்தில் 2022ஆம் ஆண்டு மட்டும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அலைந்து திரிந்து நிதி திரட்டி, 1954இல் அடையாறு மருத்துவமனையைத் தொடங்கினார். அத்தனை தூரம் போய்ப் படுக்கவா நம் பெண்கள் காத்திருக்க வேண்டும்? நகத்தால் கிள்ள இங்கேயே ஒரு அறை வேண்டாமா?

ஐயா, நம்மூர்ச் சுகாதார நிலையத்தில் ஊசி போடும் அறையில்தான் மார்பகப் பரிசோதனையும். திரைக்கம்பி இருக்கிறது, திரை இல்லை. செவிலியர் தங்கச்சி தன் சொந்தத் துப்பட்டாவைக் கட்டிப் பார்க்கிறது. மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் மெஷினா நாங்கள் கேட்டோம்? தாழ்ப்பாளோடு ஒரு கதவு, ஜன்னலுக்கு ஒரு திரை, வாரத்தில் ஒருநாள் பெண் மருத்துவர். மூன்று மனு கொடுத்தாயிற்று. இது நான்காவது. உலக அழகியே வந்தாலும் நம் ஜன்னலில் எத்தனை நாள் ஃப்ளெக்ஸ் பிடித்துக்கொண்டு நிற்பார்?

தலைவர் மணியடித்துவிட்டார். மூன்றாவது செய்தியை அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன். மனு வாசல் பக்கம் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடியுங்கள். ஆண்களும் போடலாம். பேனா என்னுடையது, போன தடவை இரண்டு காணாமல் போனது.